காலமை ஒரு நிமிடம் இரைந்துவிட்டு நிற்கும் கார்: உங்களுக்கும் நடந்ததா?

நல்லூர்க்காரன்:
கொழும்பில் வாங்கிய பழைய ஜெர்மன் கார். காலமை ஸ்டார்ட் பண்ணியவுடன் பொனற்றுக்குள் யாரோ வக்யூம் கிளீனர் போட்ட மாதிரி ஒரு இரைச்சல், ஒரு நிமிடம் வரை இரையும், பிறகு டக்கென்று நின்றுவிடும். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உன்னை ஏமாத்திப் போட்டாங்களோ?" என்று கேட்டா. கராச்சுக்குக் கொண்டுபோனால், போகும்போதே எஞ்சின் சூடாகிவிடும், சத்தமே வராது. இரவு அங்கேயே விட்டுவிட்டு வந்த பிறகுதான் மெக்கானிக் பாஸ் காலமை அந்தச் சத்தத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது புகைக் குழாய்க்குள் காற்றடிக்கிற பம்ப், செகண்டரி எயர் பம்ப் என்பாங்கள். இது குளிர் நாட்டுக்காரனுக்கு, வயரைக் கழற்றி விடுவம்" என்றார். நானும் தலையாட்டப் பார்த்தேன்.

பிறகு படித்துப் பார்த்தால் விசயம் வேறு. ஆறிப்போன எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். எரியாத மிச்சமும் காபன் மொனொக்சைட்டும் சைலன்சர் பக்கம் போகும். அதைச் சுத்தப்படுத்த வேண்டிய கட்டலிட்டிக் கன்வேர்ட்டரோ ஏறக்குறைய 250, 300 பாகை செல்சியசுக்கு வரும்வரை தூங்கும். அந்த இடைவெளியில்தான் இந்தப் பம்ப் எக்ஸோஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில், புகை ஆகச் சூடாக இருக்கும் இடத்தில், வெளிக்காற்றை அடிக்கிறது. ஒட்சிசன் கிடைத்ததும் மிச்சம் குழாய்க்குள்ளேயே எரிகிறது, அந்தச் சூடு கன்வேர்ட்டரையும் எழுப்பிவிடுகிறது. சூடேறிய பிறகும் காற்றடித்தால் ஒட்சிசன் சென்சர் பெற்றோல் காணாது என்று நினைத்துவிடும், நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கும் வேலையும் கெடும். அதனால்தான் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடுகிறது. நம்மூர்க் காலமை 25 பாகை என்றாலும் கன்வேர்ட்டருக்கு அது ஐஸ்தான்.

போன மார்கழியில் சத்தம் நின்றது. எனக்கு நிம்மதி! சில நாளில் செக் எஞ்சின் லைட், கோட் பி0411, அதாவது காற்று ஓட்டம் பிழை. பம்பைக் கழற்றிச் சரித்தால் துருத் தண்ணீர் ஒழுகியது. பழைய பம்ப் ஒன்று தேடிப் போட்டேன், இரண்டு மாதத்தில் அதுவும் போய்விட்டது. குற்றவாளி பம்ப் இல்லை, ஒருவழி வால்வு. அது மூடாவிட்டால் புகை திரும்பிப் பம்புக்குள் வந்து தண்ணீராகிவிடும். முதலில் வால்வைப் பாருங்கள், பிறகு பம்ப். நான் தலைகீழாகச் செய்து காசை விட்டேன்.

கொக்குவில் பழசு:
என்னுடைய காரில் பம்பின் பியூஸ் போய்க் கிடந்தது தெரியாமலே புகைப் பரிசோதனை பாஸ், வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்தாச்சு. அங்கே சோதிப்பது சூடான எஞ்சினை, பம்ப் வேலை செய்யும் நேரம் எப்போதோ முடிந்துவிடும். ரிப்போட்டை நம்பி இருக்காதீர்கள்.

மண்ணெண்ணெய் மைனர்:
தம்பிமார், பெற்றோல் ஆவியாகாது என்றதும் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத யுத்தத் தடைக்காலத்தில் நாங்கள் மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள். கார்புரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அவசரப்பட்டு மாற்றினால் ஒழுங்கை முழுக்கப் புகை, வீட்டில் பேச்சு. அப்போது கன்வேர்ட்டரும் இல்லை, பம்பும் இல்லை, தடிமன் மட்டும் இருந்தது.

வண்டிப்பைத்தியம்:
என் சின்ன ஜப்பான் காரில் அப்படி ஒரு சத்தமும் இல்லையே, கழற்றி விற்றுவிட்டார்களா?

நல்லூர்க்காரன்:
இல்லை அண்ணை, பல கார்களுக்கு அது கிடையாது. கன்வேர்ட்டரை எஞ்சினோடு ஒட்டி வைத்து, முதல் கொஞ்ச நேரம் பிளக் அடிப்பதைப் பிந்தவைத்துப் புகையைச் சூடாக்கிவிடுவார்கள். வேலை அதேதான், சத்தம் இல்லை. வயரை மட்டும் கழற்ற விடாதீர்கள், என்னுடைய பாஸ் இன்னும் அதைத்தான் சொல்கிறார்.