பொருள்: கூன்வண்டு 'நோய்க்கடத்தி'யா? மாற்றுச் சொல் 'வித்தேந்தி'

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வாழைக் கையேட்டு வரைவில், வாழைக்கிழங்கைக் குடையும் கூன்வண்டை வாடல் நோயின் 'நோய்க்கடத்தி' என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது, சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினிக்கு உரிய சொல். நோயுற்ற கன்றை நாமே நட்டாலொழிய, முடிக்கொத்து நோயின் நச்சுயிரி (வைரஸ்) அடுத்த மரத்துக்குப் போக அசுவினியை விட்டால் வேறு வழியில்லை.

வாடல் நோய் அப்படிப்பட்டதன்று. அதை உண்டாக்கும் பூசணம் (பூஞ்சை) மண்ணிலேயே பல ஆண்டுகள் கிடக்கும். பாசன நீரிலும் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றிலும் போகும். வண்டே இல்லாத தோட்டத்திலும் வேர்வழி நுழையும். வண்டைக் 'கடத்தி' என்று அச்சிட்டால், மருந்தடித்து வண்டைக் கொன்றால் வாடல் நின்றுவிடும் என்றுதான் பாலக்கோட்டு விவசாயி நினைப்பார். பணமும் போகும், தோட்டமும் போகும்.

ஆனால் வண்டுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. காவேரிப்பட்டணம் பக்கம் வாடிய ஏலக்கி வாழை மரம் ஒன்றின் கிழங்கைப் பிளந்து பார்த்தோம். சாற்றுக்குழல்கள் செம்பழுப்பாக ஓடியிருந்தன. அவற்றுக்குக் குறுக்கே புழு குடைந்த சுரங்கங்கள். உள்ளே இருந்த கறுப்பு வண்டு, தொட்டதும் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடந்தது. அதன் உடலெங்கும் அழுகல் துகள். நோயுற்ற மரங்களில் பிடித்த இதே வகை வண்டின் மேலோட்டில் உயிருள்ள பூசண வித்துகள் (ஸ்போர்கள்) இருந்ததை 2013-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. இந்த வண்டு பெரும்பாலும் பறப்பதில்லை. இரவில் நடந்தே அடுத்த கிழங்குக்குப் போகிறது.

ஆகவே வித்தை உடலில் ஏந்திச் செல்லும் பூச்சிக்கு 'வித்தேந்தி', அது குடைந்த துளை வழியாக நோய் நுழைவதற்குக் 'காயவழித் தொற்று' என்று இரு சொற்களை முன்வைக்கிறேன். அம்மா ஒருவர் பரிந்துரைத்த 'நோய்ப்பரப்பி' காதுக்கு இனிமைதான். ஆனால் நீரும் மனிதரும்கூட நோயைப் பரப்புகிறார்களே! 'வித்து' என்றால் எள்ளும் நிலக்கடலையும் நினைவுக்கு வரும் என்ற பென்னாகரத்து ஐயாவின் தயக்கம் நியாயமானது. அதனால் முதன்முறை வரும் இடத்தில் 'பூசண வித்தேந்தி' என்று முழுமையாக எழுதிவிடலாம்.

சொல்லை மாற்றினால் வண்டைப் பிடிக்கும் பொறி பற்றிய பத்தியையும் திருத்தியாக வேண்டும். அதில் வாழைத் தண்டை நீளவாக்கில் பிளந்து தரையில் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். எந்த மரத்தின் தண்டு என்று சொல்லவில்லை. வாடிய மரத்தின் தண்டை வைத்தால் வண்டையும் வித்தையும் நாமே ஓரிடத்தில் சேர்த்தவர்களாவோம். 'நோயற்ற மரத்தின் தண்டு' என்பது தடித்த எழுத்தில் வர வேண்டும்.