காய்ச்சல் விட்ட அன்றுதான் பயமே: டெங்கு அனுபவங்கள்

மதுரை அம்மா:

2017, தீபாவளிக்கு முந்தின வாரம். என் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்குது என்றாள். நெற்றி அனலாய்க் கொதித்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் என்எஸ்1 பாசிட்டிவ், அதாவது டெங்குதான். எடைக்கு ஏற்றபடி பாராசிட்டமால் மட்டும் எழுதித் தந்த டாக்டர், புரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு கூடிவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அம்மா திருநீறு பூசிவிட்டு இட்லி ஊற்றினார். நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மூன்று முறை வாந்தி. கை கால் ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டதால் வந்த குளிர்ச்சி என்றே நினைத்தேன். கீழ் வீட்டு அக்கா நர்ஸ். பார்த்ததும், "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா?" என்று கேட்டார். காலையிலிருந்து போகவே இல்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

ரத்தம் உறைய உதவுகிற அணுதான் பிளேட்லெட். நான் பிளேட்லெட் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுமாம். ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும். அதனால் ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது, சிறுநீர் போகிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். நேரத்துக்கு ட்ரிப்ஸ் ஏறியது. நாலு நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரமே கொசுப்புழு பார்க்கிற பணியாளர் ஒருவர் வந்தார். முன்பு இரண்டு முறை அவரை வாசலிலேயே, "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது இன்னமும் உறுத்துகிறது. அவர் சாக்கடைப் பக்கமே போகவில்லை. நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். தண்ணீர் வடிகிற தட்டில் புழு நெளிந்துகொண்டிருந்தது. மாடியில் மூடி விலகிய டிரம்மிலும் அப்படியே. "சாக்கடைக் கொசு வேறம்மா. இது நல்ல தண்ணியில முட்டை வைக்கும், பகல்ல கடிக்கும்" என்றார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்றும் சொன்னார். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்குமாம். தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் கழுவிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குத்தான்.

ஈரோட்டுக்காரன்:

அக்கா, படிக்கும்போதே வயிறு கலங்கிவிட்டது. எங்கள் அப்பாவுக்கு வந்தபோது பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கசாயம் என்று மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். கசாயம் குடித்ததைக் குறை சொல்லவில்லை, அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்தோமே, அதுதான் தப்பு. அப்பா இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர். ஆஸ்பத்திரியில் கேட்கிறவரை அது எங்களுக்கு ஞாபகமே வரவில்லை. வீட்டில் பெரியவர்கள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அப்புறம், ஒரு தடவை வந்தால் இனி வராது என்று நினைக்காதீர்கள். டெங்குவில் நாலு வகை இருக்கிறது. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் கடுமையாகிற வாய்ப்பு கூடுதல்.

யாழ்ப்பாணத்தார்:

நீங்கள் சொல்லும் அதே 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. எங்கள் பக்கம் மாரி மழையோடுதான் கூடும். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டு வளவுக்குள் வந்து பார்ப்பார், புழு இருந்தால் வழக்கும் போடுவார். நான் சிரட்டை, தகரப்பேணி எல்லாம் பொறுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அவர் ஏணி கேட்டார். மழைத்தண்ணீர் வடிகிற கூரைப் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. முழுக்கப் புழு. இப்போது மழை தொடங்க முன்னமே ஏணி வைத்து ஏறிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் வயதான அம்மா தனியே இருக்கிறா, அவவின் பீலியையும் நான்தான் துப்பரவாக்குகிறேன்.