சிங்க் அடைப்பு: தூளைக் கொட்டும் முன் பாட்டில் டிராப்பைக் கழற்றிப் பாருங்கள்

எங்கள் சமையலறை சிங்க் பெரும்பாலும் மார்கழியில்தான் அடைக்கும். கோவைக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகத் தொடங்கும் எண்ணெய், பைப்புக்குள் மட்டும் ஓடிக்கொண்டா இருக்கும்?

போன மாதம் தண்ணீர் சொட்டும் இறங்காமல் நின்றுவிட்டது. அடைப்பு நீக்கும் தூள் வாங்கி வரச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தூளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறும், தோலில் பட்டால் வெந்துவிடும். மெதுவாகவாவது இறங்கும் சிங்க் என்றால் பரவாயில்லை. முழுக்க அடைத்ததில் கொட்டினால் அந்தக் கரைசல் அங்கேயே நிற்கும். அப்புறம் கழற்ற வருகிறவர் முகத்தில்தான் தெறிக்கும். எங்களுக்குத் தெரிந்த பிளம்பர் அண்ணன் வந்ததும் கேட்கும் முதல் கேள்வியே, “உள்ளே ஏதாவது கொட்டினீங்களா?” என்பதுதான். அவர் முழங்கையில் அப்படி வந்த தழும்பு இருக்கிறது.

சிங்க்குக்குக் கீழே பைப்பில் பாட்டில் போலத் தொங்கும் பாட்டில் டிராப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நின்ற தண்ணீரை மக்கால் மொண்டுவிட்டு, கீழே வாளி வைத்து, டிராப்பின் அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகினேன். வழுக்கியது, துணி சுற்றியதும் வந்துவிட்டது. உள்ளே மெழுகு போல இறுகிய சாம்பல் நிறக் கொழுப்பு. அதில் டீத்தூள், கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்த் துருவல் எல்லாம் ஒட்டிக் கிடந்தன. ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திர சோப்பும் போதுமாக இருந்தன.

திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் சொட்டும். கையிறுக்கமே போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை போய்விடும். டிராப்பில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கத்தான் வேண்டும், சாக்கடை நாற்றத்தைத் தடுப்பதே அதுதான். டிராப்பை எடுத்துவிட்டு நேராக பைப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டிராப் சுத்தமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள். அதற்கு ஸ்பிரிங் கம்பியோடு பிளம்பர் வரட்டும். அவசரப்பட்டு டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் உயிருக்கே ஆபத்து.

இப்போது பணியாரச் சட்டி, நெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகே சிங்க்கில் போடுகிறோம்.