மறு: ‘டிராஃபிக்’ – வரத்து? ‘ஸ்லைடு டெக்’ – ? (நூலகப் பயிலரங்கக் கையேட்டுக்காக)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூர்க் குழுமத்தின் ஈசூன் அக்கா பயிலரங்கக் கையேடு எழுத உட்கார்ந்து முதல் வரியிலேயே நின்றுவிட்டதில் தொடங்கியது இந்த இழை. அவர் எழுத வந்தது எளிய வரிதான்: ஸ்லைடுகளை இணையத்தில் ஏற்றி, அவற்றின் வழியாக நம் வலைப்பதிவுக்கு டிராஃபிக் கொண்டுவருவது எப்படி? அதில் இரண்டு சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார். இரண்டு நாளாக எல்லா மடல்களையும் படித்துவிட்டு எழுதுகிறேன். நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிராஃபிக், அதாவது ஒரு தளத்துக்கு வந்து சேரும் வாசகர் கூட்டம். உட்லண்ட்ஸ் தம்பி ‘போக்குவரத்து’ என்று எழுதினார். ‘இணையப் போக்குவரத்து’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அதைப் படித்ததும் என் கண்முன் வருவது ஆயர் ராஜா விரைவுச்சாலையும் மாலை ஆறு மணியும். வாசகர் ஒருவர் நம் பக்கத்தைத் திறந்து படிப்பதற்கும் அதற்கும் ஒட்டில்லை. ஜூரோங் ஐயா ‘வருகை’ போதும் என்றார். நல்ல சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் ஒருமுறை வந்தால் அது ஒரு வருகை. ஒரு மாதம் முழுக்க எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த மொத்தத்தை வருகை என்றால் கணக்குப் பேசும்போது குழம்பும். ‘வருகைகள் 40’ என்று சொல்லலாம். ‘வருகை குறைந்துவிட்டது’ என்றால் பள்ளி வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது.

தம்பி சொன்ன சொல்லைத் தள்ள வேண்டாம், பிரித்துப் பார்ப்போம். போக்கும் வரத்தும் சேர்ந்தது போக்குவரத்து. நமக்கு வேண்டியது அதில் பின்பாதி. கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து குறைந்தது, மேட்டூர் அணைக்கு நீர்வரத்து கூடியது என்று செய்தியில் தினமும் கேட்கிறோம். ஓர் இடத்தை நோக்கித் தொடர்ந்து வந்து சேர்வதும், அதன் அளவும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கூடும், குறையும், நின்றுபோகும், திடீரென்று பெருகும் என்று எல்லா வினைகளும் அதோடு இயல்பாகச் சேர்கின்றன. ‘சரக்குக்குச் சரி, மனிதருக்குப் பொருந்துமா?’ என்று ஐயா கேட்டார். கடைக்காரர்கள் ‘ஆள் வரத்தே இல்லை’ என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோன உறவுகளைப் பற்றி, ‘அவங்களுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லை’ என்பார்கள். மனிதர் வந்து போவதற்கும் வழங்கும் சொல் அது. வண்டிகளுக்கு மட்டும் உரியதில்லை.

ஆகவே டிராஃபிக் என்பதற்கு ‘வரத்து’. தேவைப்படும் இடத்தில் ‘வாசகர் வரத்து’. இதை வைத்துக்கொண்டால் கிளைச்சொற்கள் தாமாக வந்துவிடுகின்றன. தேடுபொறியிலிருந்து வருவது தேடல் வரத்து. முகவரியைத் தாமே தட்டி வருவது நேர் வரத்து. வேறொரு தளத்தில் உள்ள சுட்டியைச் சொடுக்கி வருவது சுட்டி வரத்து. விளம்பரத்துக்குக் காசு கொடுத்து வரவழைப்பது கட்டண வரத்து.

இனி ஸ்லைடு. இங்கே பட்டியல் பெரிது: படவில்லை, வில்லை, நழுவம், சறுக்கு, காட்சித்தாள். சறுக்கு என்றால் நம் புளோக்கின் கீழே உள்ள விளையாட்டிடத்தில் பிள்ளைகள் சறுக்குவதுதான் மனத்தில் வரும். நழுவம் அச்சொட்டான மொழிபெயர்ப்பு. ஆனால் இன்று எந்தப் படமும் எங்கும் நழுவுவதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த படத்தை விளக்கின் முன் தள்ளிய காலத்துச் சொல்லை நாம் ஏன் தமிழிலும் சுமக்க வேண்டும்? திரையரங்கில் இடைவேளையின்போது விளம்பர ஸ்லைடு போட்டதைப் பார்த்த தலைமுறை நம் குழுமத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கு ‘வில்லை’ உடனே புரியும், ஏனென்றால் அது சின்னதாய், தட்டையாய், கையில் பிடிக்கக்கூடியதாய் இருந்தது. லென்ஸையும் வில்லை என்கிறோமே என்று அக்கா கவலைப்பட்டார். ‘பட’ என்பதை முன்னால் சேர்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. படவில்லை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இருப்பதை மாற்ற வேண்டாம்.

படவில்லைகள் சேர்ந்த மொத்தத்துக்கு என்ன சொல் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. நான் முதலில் ‘கட்டு’ என்று நினைத்தேன். சீட்டுக்கட்டு, ஏட்டுக்கட்டு மாதிரி படவில்லைக் கட்டு. டெக் என்ற சொல்லும் சீட்டுக்கட்டைக் குறிப்பதுதானே. அக்கா ‘வில்லைக்கோவை’ என்றார். இரண்டு நாள் யோசித்தபின் அக்கா சொன்னதே சரி என்று படுகிறது. சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்கலாம், எந்தச் சீட்டும் எங்கும் வரலாம். கோவையில் ஒரு நூல் ஓடுகிறது. மணியைக் கோத்த வரிசை மாறினால் மாலை வேறாகிவிடும். வலைப்பதிவுக்கு வாசகரை அழைத்துவர வேண்டிய படவில்லைகளுக்கு இந்த நூல் மிக முக்கியம், அதன் மறுமுனை பதிவில் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் தெம்பனிஸ் பேட்டையைச் சுற்றியுள்ள மரங்களைப் பற்றி நான் பதிவு எழுதுவது உங்களில் சிலருக்குத் தெரியும். தூங்குமூஞ்சி மரம், நாகலிங்கம், பெருங்கொன்றை, புன்னை என்று படமும் தமிழ்ப்பெயரும் வைத்து ஒரு வில்லைக்கோவை செய்து ஒரு பகிர்தளத்தில் ஏற்றினேன். பார்த்தவர்கள் நிறையப் பேர். பதிவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய யாரும் இல்லை. காரணம் தெரிய நாளாயிற்று. பெயர், படம், பூக்கும் காலம், நான் கேட்ட கதை எல்லாவற்றையும் கோவையிலேயே கொட்டியிருந்தேன். இனி பதிவில் போய்ப் பார்க்க அவர்களுக்கு என்ன இருந்தது? இரண்டாம் முறை மரத்துக்கு ஒரு படவில்லை, அதில் படமும் பெயரும் ஒரு கேள்வியும் மட்டும். ‘மாலையானதும் இந்த மரம் ஏன் இலையை மடக்குகிறது?’ என்பதோடு நிறுத்தி, விடையைப் பதிவில் வைத்தேன், சுட்டியை அதே படவில்லையில் கொடுத்தேன். அதன் பிறகுதான் சுட்டி வரத்து தொடங்கியது.

இன்னொரு பிழை தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது, கையேட்டில் கட்டாயம் வர வேண்டியது. ஸ்லைடுஷேர் என்ற பகிர்தளம் 2006-ல் தொடங்கியபோதே அல்லாவிட்டாலும், நாளடைவில் இப்படிப்பட்ட தளங்கள் படவில்லைகளில் உள்ள எழுத்தைப் பிரித்தெடுத்துப் பக்கத்தின் அடியில் உரையாகப் போட ஆரம்பித்தன. தேடுபொறி படிப்பது அந்த உரையைத்தான். நம்மில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் படவில்லை செய்கிறோம். திரையில் அழகான தமிழ் தெரியும், பிரித்தெடுத்தால் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல்தான் வரும். ஒருங்குறியில் (யூனிகோட்) செய்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கொன்றை’ என்று நாம் எழுதியது உரையில் உடைந்து கிடக்கும், அதைத் தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஆகவே கோவையின் தலைப்பையும் விளக்கத்தையும் அந்தத் தளத்தின் பெட்டிகளில் ஒருங்குறித் தமிழில் நேராகத் தட்டச்சு செய்ய வேண்டும். கோவைக்குள் எது உடைந்தாலும் அந்த இரண்டும் உடையாது. அவற்றை நம்பியே தேடல் வரத்து வரும்.

மூன்றாவது, வாட்ஸ்அப். நம் ஆட்கள் கோவையைப் பிடிஎஃப்பாக இறக்கிக் குடும்பக் குழுவில் அனுப்பிவிடுவார்கள். அதைத் திறந்து சுட்டியைச் சொடுக்கி வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற தடம் பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. கணக்கில் அது நேர் வரத்தாக விழும். கோவையால் பயனே இல்லை என்று நாம் தவறாக முடிவெடுப்போம். சுட்டியின் வாலில் எந்தத் தளம், எந்த வழி, எந்தக் கோவை என்று மூன்று சொற்களைச் சேர்த்துவிட்டால் கூகுள் அனலிட்டிக்ஸ் அதைத் தனியே எண்ணிக் காட்டும். இப்படி வால் சேர்த்த சுட்டிக்கு ‘அடையாளச் சுட்டி’ என்று முன்மொழிகிறேன். தம்பி இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், வரத்து என்ற சொல்லோடு கூடவே இன்னொரு சொல்லும் வந்து நிற்கிறது. சிவகங்கைப் பக்கம் எங்கள் தாத்தா ஊர்க் கண்மாய்க்கு, அதாவது ஏரிக்கு, தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு ‘வரத்துக்கால்’ என்று பெயர். மழைக்கு முன்னால் ஊர் கூடி அதைத்தான் தூர்வாரும். கால் என்றாலே வாய்க்கால். வரத்து எந்த வழியாக வருகிறதோ அந்த வழி வரத்துக்கால். வலைப்பதிவுக்கு வாசகரைக் கொண்டுவருகிற ஒவ்வொரு வழியையும், அது வில்லைக்கோவையோ, காணொளியோ, முகநூல் பக்கமோ, வரத்துக்கால் என்று சொல்லலாம். என் முதல் கோவையில் நடந்த பிழையையும் இந்தச் சொல் எனக்கு விளக்கிவிட்டது. கால் தண்ணீரைத் தானே தேக்கி வைத்துக்கொண்டால் கண்மாய் நிரம்பாது.

உட்லண்ட்ஸ் தம்பியின் மறுப்பு நியாயமானது. ‘அண்ணா, இங்கே பிறந்த எனக்குக் கண்மாய் தெரியாது, வரத்துக்கால் தெரியாது. பாட்டி ஊருக்குப் போனவர்களுக்கு மட்டும் புரியும் சொல் எதற்கு?’ என்று கேட்டிருந்தார். தம்பி, நீங்கள் தினமும் தாண்டுவது வரத்துக்கால்தான். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி. புளோக்கை ஒட்டி ஓடும் லோங்காங், அதாவது மழைநீர் வடிகால், சிறிய கால்வாயில் சேர்கிறது, அது பெரிய கால்வாயில் சேர்கிறது, கடைசியில் 17 நீர்த்தேக்கங்களில் ஒன்றில் போய் விழுகிறது. பீஷான் – அங் மோ கியோ பூங்கா வழியாக ஓடும் காலாங் ஆறு மரினா நீர்த்தேக்கத்தில் முடிகிறது. ஊர்க் கண்மாய்க்கு இருந்த அதே ஏற்பாடு இங்கே கான்கிரீட்டில் இருக்கிறது, அதற்கு நாம் தமிழில் பெயர் சொல்லாமல் இருந்துவிட்டோம். பயிலரங்கில் இந்த உதாரணத்தைச் சொன்னால் உயர்நிலை மாணவருக்கும் புரியும் என்றே நம்புகிறேன்.

வந்த கையோடு எதையும் தொடாமல் திரும்பிப் போகும் வாசகருக்கு ஐயா ‘மறுகால்’ என்று சொல்லியிருந்தார். இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். கண்மாய் நிறைந்து மிஞ்சியது வெளியேறுவதுதான் மறுகால் பாய்வது. அது செழிப்பின் அடையாளம், ஊரே கொண்டாடும். நம்மிடம் வந்தவர் நிற்காமல் போவது இழப்பு. ‘உடன்திரும்பல்’ என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சொல் எல்லாம் யார் வாயில் நுழையும் என்று ஒரு நண்பர் சோர்வாக எழுதியிருந்தார். இணையம் என்ற சொல்லை நமக்குத் தந்தவர் என்று நாம் போற்றுகிற நா. கோவிந்தசாமி இதே ஊரில் ஆசிரியராக இருந்தவர். 1999-ல் அவர் மறைந்தபோது தமிழரில் பெரும்பாலோர் வீட்டில் இணைய இணைப்பே இல்லை. இன்று தமிழ் முரசிலும் சென்னைத் தொலைக்காட்சியிலும் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் யாரும் அதைப் புதுச்சொல்லாக நினைப்பதில்லை. பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம், சமூக மன்றம் எல்லாம் இந்த ஊரில் உருவாகி இந்த ஊரிலேயே பழகிப்போனவைதாமே.

ஒன்று மட்டும் அக்காவுக்குத் தனியாக. கையேட்டில் எந்தப் பகிர்தளத்தின் பெயரையும் தலைப்பில் போடாதீர்கள். ஸ்லைடுஷேரே 2012-ல் லிங்க்டுஇன் கைக்கும் 2020-ல் ஸ்கிரிப்டு கைக்கும் போயிற்று. கைமாறும்போது விதிகளும் மாறும். கோவையின் மூலக்கோப்பு நம் கணினியில் இருக்கட்டும், அதன் முழு விளக்கம் நம் பதிவில் இருக்கட்டும். காலை வேறிடத்தில் வெட்டிக்கொள்ளலாம், கண்மாய் நம்முடையது.

அக்காவின் முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘வில்லைக்கோவையை வரத்துக்காலாக்கி வலைப்பதிவுக்கு வாசகர் வரத்தைக் கூட்டுவது எப்படி?’ வாய்விட்டுப் படித்தால் ‘வ’ அதிகமாக மோதுகிறது. ‘வாசகர்’ என்பதை எடுத்துவிடலாமா, வேண்டுமா என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் பதில் வந்தால் அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திவிடலாம்.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து