புது மூச்சுத்தொற்று வைரஸ் வந்தால் முதலில் எதை ஆராயவேண்டும்?

செம்பனைக்காடு, சுங்கை சிப்புட், மலேசியா
வணக்கம். தோட்டத்து நலக்குழுவுக்குத் திட்டக்குறிப்பு எழுதுகிறேன். முன்பின் கண்டிராத மூச்சுத்தொற்று வைரஸ் வந்தால் ஆளும் பணமும் முதலில் எந்த ஆய்வுக்குப் போகவேண்டும்? எல்லாரும் தடுப்பூசி என்கிறார்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்), ஆளேற்றும் லாரி, லயம் (வரிசை வீடுகள்), கொங்சி வீடு (தொழிலாளர் பலர் சேர்ந்து தங்கும் கூடம்) எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தார்
தடுப்பூசி வேலை, மரபணு வரிசை வெளியானதுமே பெரிய கூடங்களில் தொடங்கிவிடும். உங்கள் ஊரில் கிடைக்கவேண்டிய பதில் வேறு: நோயாளி பரப்புவது அறிகுறிக்கு முன்பா, பின்பா?

2003இல் பரவிய சார்ஸ் மூச்சுத்தொற்றில், நோயாளி உடலில் வைரஸ் அளவு அறிகுறி தொடங்கிய பத்தாம் நாள் வாக்கில்தான் உச்சம் தொட்டது. அதனால் காய்ச்சல்காரரைப் பிரித்து வைத்தே அடக்கினார்கள். கோவிட்டில் அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பே பரவல். பெரட்டில் நெற்றிக்கு வெப்பமானி பிடித்தால் பாதிப்பேர் தப்பிவிடுவார்கள்.

இதற்கு வீட்டாய்வுதான் வழி. முதல் நோயாளி உறுதியான 24 மணி நேரத்துக்குள் வீட்டார் அனைவரையும் சேருங்கள். அறிகுறி இல்லாதவருக்கும் 1, 3, 7, 14ஆம் நாள் மூக்குத் துடைப்பு. முதல் நாளும் 28ஆம் நாளும் ரத்தம். ரத்தப் பரிசோதனையைத் தவிர்த்தால் சத்தமில்லாமல் தொற்றியவர்கள் கணக்கில் விழாமல், இறப்பு விகிதம் பொய்யாக ஏறும். மாதிரி 2 முதல் 8 டிகிரியில் 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரவேண்டும். தாண்டினால் மைனஸ் 70 டிகிரிக் குளிர் தேவை. கிளினிக் ஐஸ்பெட்டி போதாது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் எடுக்காதீர்கள்.

லயத்து வாசி
ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். லயத்தில் 'வீடு' எது? இடைச்சுவர் கூரையை முட்டாத பழைய லயங்களில் காற்று பொது. கதவு எண்ணை மட்டும் எழுதினால் காற்றுவழிப் பரவல் மறைந்துபோகும். ஒரே கூரை, ஒரே லாரி இரண்டையும் படிவத்தில் சேருங்கள். கொங்சியில் நள்ளிரவில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வையுங்கள். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). உள்ளே 1,500 என்றால் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு யாரோ விட்ட மூச்சு.

பரவும் வழியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மலேசியாவில் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா வைரஸே சாட்சி. 1998இல் அதை, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே படுத்தவர்களோ பன்றிப் பண்ணையில் உழைத்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே வழி தெரிந்தது. 105 உயிர் போனது.

மருந்துப்பிரிவு
சிகிச்சை ஆய்வைத் தள்ளிப்போடாதீர்கள். கோவிட் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கி ஜூனில் பதில் தந்தது: தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலனில்லை. மருந்து பெறுவோர், பெறாதோர் என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்ததால்தான் இந்த வேறுபாடு தெரிந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதியை இப்போதே வாங்கி வையுங்கள். ஒப்புதல் படிவம் தமிழ், மலாய், வங்காளம், நேபாளியில் இருக்கட்டும்.

செம்பனைக்காடு
நன்றி. நாள் சம்பளம் போகுமென்று இருமலை மறைத்தால்?

ஆய்வகத்தார்
அறிகுறி தொடங்கிய தேதியே பொய்யாகிவிடும், மொத்தக் கணக்கும் சாயும். தனித்திருக்கும் நாட்களின் சம்பளத்தை ஆய்வுச் செலவிலேயே எழுதுங்கள், துடைப்புக் குச்சிக்கு முன்னால்.