1987 கடிதங்களில் திருகோணமலை ஏன் இடம்பெற்றது?

வடமராட்சியான் (கேள்வி):

1987 யூலை 29ஆம் திகதி கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்றதும் மாகாண சபைகளும் வடக்கு-கிழக்கு இணைப்பும் ஆயுதக் களைவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அன்றைய தினமே இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை அண்மையில் முழுமையாக வாசித்தேன். திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை. திருகோணமலையிலுள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைக்கும். வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் உளவுக்கோ இராணுவத் தேவைக்கோ பயன்படாதவாறு மீளாய்வு செய்யப்படும். வெளிநாட்டுப் படைத்துறை, உளவுத்துறை ஆட்களை அமர்த்துவது குறித்து விரைவில் உடன்பாடு காணப்படும் என்றெல்லாம் அவற்றில் உள்ளது. தமிழரின் உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் இந்தியாவை எங்கள் பிரச்சினைக்குள் கொண்டுவந்தது அமெரிக்க-சோவியத் போட்டிதானா?

கீழைக்கடல்:

பெரும்பகுதி அதுதான் என்பேன், ஆனால் அந்தப் போட்டி டில்லியை எந்த வழியாக எட்டியது என்பதைப் பார்க்க வேண்டும். 1979இல் ஈரானில் ஷா வீழ்ந்தார். அந்த ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதன்பின் அமெரிக்கா இந்துசமுத்திரத் தீவான டியாகோ கார்சியாவில் இருந்த தன் இராணுவத் தளத்தை வேகமாக விரிவாக்கியது. 1981இல் பாகிஸ்தானுக்கு 320 கோடி டாலர் உதவியும் எஃப்-16 விமானங்களும் தர முன்வந்தது. சோவியத் ஒன்றியத்துடன் 1971இல் நட்புறவு உடன்படிக்கை செய்திருந்த இந்தியாவுக்கு, வடமேற்கிலும் தெற்கிலும் ஒரே கை நீள்வதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த வேளையில்தான் ஜெயவர்த்தனா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1983இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்குப் பெரிய ஒலிபரப்பு நிலையம் அமைக்க இணங்கினார். 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலிய நலன் பேணும் பிரிவு திறக்கப்பட்டது. கே.எம்.எஸ். என்ற பிரித்தானிய நிறுவனத்தின் முன்னாள் படையினர் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்தனர். பாகிஸ்தானும் பயிற்சி தந்தது. திருகோணமலை சீனக்குடாவில் உள்ள அந்த எண்ணெய்த் தாங்கிகளைக் குத்தகைக்கு விடும் முயற்சியின் பின்னால் அமெரிக்க நலன் இருப்பதாக டில்லி ஐயுற்றது. நீங்கள் சுட்டிய நான்கு விடயங்களையும் இவற்றோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். அந்தக் கடிதங்கள் டில்லியின் முறைப்பாட்டுப் பட்டியலே என்பது விளங்கும்.

1983 கறுப்பு யூலைக்குப் பின் தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பு உண்மையானது, எந்த மத்திய அரசும் அதைப் புறக்கணித்திருக்க முடியாது. ஆனால் தமிழ் ஆயுத இயக்கங்களுக்குப் பயிற்சி அளிக்க இந்திரா காந்தி அரசு எடுத்த முடிவை அந்தக் கொந்தளிப்பை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

நாவலடி:

கீழைக்கடல் அவர்கள் அடுக்கிய தகவல்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. திருகோணமலைக்காக வாஷிங்டன் உண்மையில் எதைச் செய்யத் துணிந்திருந்தது? ஜெயவர்த்தனா 1984இல் அமெரிக்க ஜனாதிபதி றேகனைச் சந்தித்துத் திரும்பியும் பெரிய இராணுவ உதவி எதுவும் வந்துசேரவில்லை. 1987 யூன் 4ஆம் திகதி இந்திய விமானப்படையின் ஏ.என்-32 விமானங்கள் மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாண வான்பரப்பில் நுழைந்து உணவுப் பொதிகளைப் போட்டபோது, இறைமை மீறப்பட்டதாகக் கொழும்பு உலகமெங்கும் முறையிட்டது. காப்பாற்ற எந்த வல்லரசும் முன்வரவில்லை. எட்டு வாரங்களில் ஒப்பந்தம் வந்தது, அதை அமெரிக்காவும் வரவேற்றது.

ஆகவே, இங்கு வல்லரசுகள் ஆடியதை விட, வல்லரசுகளின் நிழலைக் காட்டி அயல்நாடுகள் ஒன்றை ஒன்று ஆட்டிவைத்ததே அதிகம் என்பது என் கருத்து. அமெரிக்கா தன் பின்னால் நிற்கிறது என்று டில்லி நம்ப வேண்டும் என ஜெயவர்த்தனா விரும்பினார். டில்லி நம்பியது, நம்பியதால் பணியவில்லை, இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இந்தக் கணக்குப் பிழைத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த மேசையில் இருக்கவே இல்லை: ஒப்பந்தத்தில் தமிழர் தரப்பில் எவரும் கையொப்பமிடவில்லை, ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் மூண்ட போர் யாழ்ப்பாணத்தின் தெருக்களில்தான் நடந்தது.

இறப்பர்தோட்டம்:

இலங்கை எப்போதும் இப்படித் தடுமாறியதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கொரியப் போரின்போது இறப்பர் விலை சரிந்து அரிசி விலை ஏறியது. கம்யூனிச எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்டிருந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு, 1952இல் மக்கள் சீனத்தோடு ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்ற கணக்கில் ஐந்தாண்டு உடன்பாடு செய்தது. அதற்காக அமெரிக்க உதவியை இழக்கவும் ஆயத்தமாக இருந்தது. 1963இலும், எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைச் சிறிமாவோ அரசு கையகப்படுத்தி உரிய இழப்பீடு தரவில்லை என்று அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அந்த இரு முறையும் வல்லரசைப் பகைத்துக்கொண்ட கொழும்பு, டில்லியைப் பகைத்துக்கொள்ளவில்லை. ஜெயவர்த்தனா மாற்றியது அந்த ஒன்றைத்தான். அவர் அப்படிச் செய்ததற்கு உள்நாட்டுக் காரணமும் உண்டு: தமிழரோடு ஓர் அரசியல் தீர்வுக்கு வந்திருந்தால் வெளியே நண்பர்களைத் தேடி அலைய வேண்டிய தேவை அவருக்குப் பெரிதும் குறைந்திருக்கும்.

வடமராட்சியான்:

மூவருக்கும் நன்றி. பனிப்போர் முடிந்ததும் இந்தக் கடிதங்களின் வேலையும் முடிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கீழைக்கடல்:

அப்படிச் சொல்ல முடியாது. சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது, ஆனால் தாங்கிகள் பற்றிய வாசகம் மறையவில்லை. 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை அவற்றில் ஒரு பகுதியைப் பெற்றது. 2022 சனவரியில் வந்த உடன்பாட்டின்படி, மொத்தமுள்ள 99 தாங்கிகளில் 14 அந்நிறுவனத்திடமும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்க, மீதி 61ஐ இரு தரப்பும் சேர்ந்த கூட்டு நிறுவனம் மேம்படுத்த வேண்டும். கூட்டாகச் செய்வது என 1987இல் எழுதப்பட்டது இந்த வடிவத்துக்கு வர 35 ஆண்டுகள் ஆகியுள்ளன. இந்த முறை டில்லியின் கவலை அமெரிக்கா அல்ல, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சீனா. வடக்கு-கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியபோது டில்லி இதே விடாப்பிடியைக் காட்டவில்லை என்பதையும் உங்கள் முதற் கேள்விக்கான விடையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.