சிறு புத்தகக் கடைக்காரர்கள் கையில் எடுத்துத் தரும் புதிய நாவல்கள் எவை?

கேள்வி: நாகர்கோவில் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் நாங்கள் சிலர் கூடி மாதம் ஒரு நாவல் வாசித்துப் பேசி வருகிறோம். பெரும்பாலோர் ஆசிரியர்கள், இரண்டு செவிலியர்களும் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒருவரும் உண்டு. 1964இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’ தொடங்கி இம்மாவட்டத்து நாவல்களில் முக்கியமானவற்றை ஏறக்குறைய வாசித்துவிட்டோம். இனி, கடந்த பத்தாண்டுகளை ஒட்டி வந்த புனைகதைகளை வாசிக்க வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பம். எதை எடுப்பது என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை.

சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி டிசம்பரிலும் ஜனவரியிலும் புதிய நூல்கள் வந்து குவிகின்றன. மாசி பிறப்பதற்குள் அவற்றைப் பற்றிய பேச்சு அடங்கிவிடுகிறது. முகநூலில் ஒரு நாவலைப் புகழ்பவர் பல வேளைகளில் அதை எழுதியவரின் நண்பராகவோ பதிப்பகத்துக்கு வேண்டியவராகவோ இருக்கிறார். விருதுகளோ நூல் வெளிவந்து சில ஆண்டுகள் கழிந்தபின் வருகின்றன.

அமெரிக்காவில் தனியார் சிறு கடைகளின் அமைப்பான அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம் மாதந்தோறும் ‘இண்டீ நெக்ஸ்ட்’ என்னும் பட்டியலை வெளியிடுகிறது. கடைகளில் பணிபுரிவோர் தாம் வாசித்த புதிய நூல்களை முன்மொழிகிறார்கள். தேர்வாகும் நூலின் கீழே அவர்கள் எழுதிய சில வரிகளோடு, எழுதியவரின் பெயரும் கடையின் பெயரும் ஊரும் அச்சிடப்படுகின்றன. யார் சொன்னது என்பது தெரிவதால், பிடிக்காவிட்டால் அந்தக் கடைக்கே சென்று கேட்கலாம். நம்மிடம் இப்படிப் பெயர் போட்டுப் பரிந்துரைக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்களா? இருந்தால், எங்களைப் போன்ற ஒரு குழுவின் கையில் அவர்கள் எந்த நாவல்களைத் தருவார்கள்?

பதில்: கருங்கல் வாசகர்

டீச்சர், பட்டியல் என்ற வடிவில் நம்மிடம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் எல்லாப் பதிப்பகங்களின் நூல்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்கும் கடைகள் சென்னையில் உண்டு, கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல் போன்றவை அப்படிப்பட்டவை. தொலைபேசியில் பேசினாலே, நாம் முன்பு என்ன வாசித்தோம் என்று கேட்டு நூல் சொல்லக்கூடியவர்கள் இத்தகைய கடைகளில்தான் கிடைப்பார்கள். நம் நாகர்கோவிலிலேயே காலச்சுவடு பதிப்பகம் இருக்கிறது என்றாலும், ஒரு பதிப்பகம் தன் நூல்களை அறிமுகப்படுத்துவதும், எல்லோருடைய நூல்களையும் விற்கும் ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சொல்வதும் வெவ்வேறு காரியங்கள். நீங்கள் கேட்பது இரண்டாவது என்று புரிந்துகொள்கிறேன்.

வெளியூரிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் குழுவாகச் சேர்ந்து ஒரே கட்டாக வரவழையுங்கள். 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சல் சேவையை நிறுத்திய பிறகு, தனியொரு நாவலை வரவழைக்கும் செலவு கூடிவிட்டது.

பதில்: மார்த்தாண்டம் கடைக்காரர்

டீச்சருக்கு வணக்கம். பாடநூலும் நோட்டும் பேனாவும் விற்கும் கடை என்னுடையது. அந்த வருமானம் இருப்பதால்தான் இரண்டு அலமாரிகளை இலக்கியத்துக்கு ஒதுக்க முடிகிறது. அவற்றில் முகப்பு தெரிய வைக்கப்பட்டிருக்கும் நாவல்கள் அனைத்தும் நான் முழுமையாக வாசித்தவை.

எங்களைப் போன்ற கடைகளுக்குப் புதிய நாவல் எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு பதிப்பு என்றால் 1000 அல்லது 1200 படிகள் அச்சிடுவார்கள். கிடங்கில் தேங்கக் கூடாது என்பதற்காகக் கடைகளுக்குக் கடனுக்கு அனுப்பி, விற்காதவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால், பல நாவல்கள் நூறு, இருநூறு படிகளோடு தொடங்குகின்றன. பெயர் அறியப்படாத ஒருவரின் முதல் நாவலைத் துணிந்து வெளியிடப் பதிப்பாளரால் முடிகிறது என்பது இதனால் கிடைத்த பெரும் நன்மை. ஆனால் அந்த நாவல் மார்த்தாண்டம்வரை தானாக வராது. பணம் கட்டி வரவழைக்க வேண்டும், விற்காவிட்டால் திருப்பி அனுப்பவும் வழியில்லை. ஆகையால் நான் முதலில் ஒரு படி வரவழைத்து வாசித்துவிட்டு, பிறரிடம் சொல்லத் தகும் என்று தோன்றினால் மட்டுமே மேலும் சில படிகளை எடுக்கிறேன். இந்த ஆண்டு வந்த நாவல்களை இன்னும் வாசித்துக்கொண்டிருப்பதால், அவற்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப் போவதில்லை.

உங்கள் குழுவுக்கு நான் முதலில் எடுத்துத் தருவது இமையத்தின் ‘செல்லாத பணம்’. படித்த பெண் ஒருத்தி வீட்டார் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டுநரை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில், என்ன செய்வதென்று அறியாமல் காத்திருக்கும் குடும்பத்தாரின் பேச்சாகவே நகர்கிறது. எவ்வளவு பணம் இருந்தும் ஓர் உயிரை மீட்க முடியாமல் போவதை, வருணனைகளை நம்பாமல், மனிதர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்ளும் சொற்களைக் கொண்டே காட்டியிருப்பது எனக்கு மிகப் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது. உங்கள் குழுவின் செவிலியர்கள் இதை நம்மைவிட வேறு விதமாக வாசிப்பார்கள். அந்த வாசிப்பைக் கேட்க எனக்கும் ஆவல். அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவர் குழுவில் இருந்தால் மட்டும் இதைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள்.

அடுத்தது சோ. தர்மனின் ‘சூல்’. உருளைக்குடி என்னும் கரிசல் ஊரின் கண்மாயையும் அதைக் காத்து வாழ்ந்த மனிதர்களையும் பற்றியது. மடையையும் கரையையும் பொதுச் சொத்தாகப் பேணிய ஓர் ஒழுங்கு எப்படிப் படிப்படியாகக் குலைந்தது என்பதை நாவல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறது. நாஞ்சில் நாட்டில் குளங்கள் வீட்டுமனைகளாவதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு இதில் எந்தப் பக்கமும் அயலாக இராது. ஒரே கதாநாயகனைத் தேடிப் போகிறவருக்கு இது ஏமாற்றம் தரும். கதைகள் கிளை பிரிந்துகொண்டே போகும், பொறுமை வேண்டும்.

மூன்றாவது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் ஒரு சாவு. அதற்காகக் கூடும் உறவுகள். கூடிய இடத்தில் கிளறப்படும் பழைய கணக்குகள். அளவில் பெரிய நாவல் அன்று. உறவுமுறைகள் மிகுதி என்பதால், யார் யாருக்கு என்ன முறை என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் நன்று.

நான்காவது, நம் மண்ணைச் சேர்ந்தது: 2021இல் வந்த ஜெயமோகனின் ‘குமரித்துறைவி’. மதுரையிலிருந்து பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்டு ஆரல்வாய்மொழியில் இருந்த மீனாட்சியை, வேணாட்டு மக்கள் தம் வீட்டுப் பெண்ணைப் போலத் திருமணம் செய்துகொடுத்து அனுப்பி வைக்கும் கதை.

இந்த நான்கில் மூன்று சாகித்திய அகாதெமி விருது பெற்றவை என்பதை நீங்களே சொல்லக்கூடும். என் அளவுகோல் அதுவன்று. வாங்கிச் சென்றவர் மறுபடி கடைக்கு வந்து, தானாகவே பேச்சை எடுத்து, அந்த நாவலோடு சண்டையிடவாவது செய்ய வேண்டும். இந்த நான்கும் அப்படிப் பேச வைத்தவை.

பதில்: குளச்சல் வாசகர்

கடைக்கார அண்ணன் தம் வாசிப்பை நேர்மையாகவே எழுதியிருக்கிறார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொதுவாகக் கடைக்காரர் பரிந்துரையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பதிப்பாளர் விற்பனையாளருக்குத் தரும் கழிவு எல்லோரிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 25 விழுக்காடு தருகிறவரின் நூலையும் 40 விழுக்காடு தருகிறவரின் நூலையும் அருகருகே வைத்திருக்கும் ஒருவர், இரண்டாவதைப் பற்றிச் சற்றுக் கூடுதல் உற்சாகத்தோடு பேசுவது இயல்புதானே?

இன்னொன்று. நான்கு நாவல்களிலும் கடல் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கடற்கரையைத் தாக்கிய பிறகு, தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் ஆண்களை இழந்த வீடுகளின் வாழ்க்கை புனைகதையில் எழுதப்பட வேண்டும் என்று நாங்கள் காத்திருக்கிறோம். இந்த மாவட்டத்துக் கடைக்காரர் ஒருவரின் பட்டியலில் நெய்தல் நிலம் விடுபடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பதில்: மார்த்தாண்டம் கடைக்காரர்

தம்பி, இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. கழிவில் வேறுபாடு இருப்பது உண்மை; கூடுதல் கழிவு கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் சிறிய ஊரில் கடை வைத்திருப்பவரிடம் மறுபடி மறுபடி வருகிறவர்கள் ஏறத்தாழ அதே முகங்கள்தாம். பிடிக்காத நாவலை ஒருவர் தலையில் கட்டினால், அந்த ஒரு விற்பனையில் கிடைக்கும் சில ரூபாய்க்காக, அவர் பல ஆண்டுகள் வாங்கப் போகும் நூல்களை நான் இழக்கிறேன். கடைக்காரரைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ‘இந்த நாவல் யாருக்குப் பிடிக்காது?’ என்று கேளுங்கள். வாசித்தவர் உடனே விடை சொல்வார். அட்டையின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தவர் எல்லோருக்கும் பிடிக்கும் என்பார்.

கடலைப் பற்றி: 2004இல் வந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை இன்றும் எடுத்துத் தருகிறேன், டீச்சர் அண்மைக்கால நூல்களைக் கேட்டதால்தான் இங்கே சேர்க்கவில்லை. ஒக்கியில் இழந்தவர்களின் வலி மிகப் பெரியது. அந்த வலியைத் தொட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, எழுத்தாக என்னைப் பிடித்து நிறுத்தாத ஒன்றை உங்கள் கையில் வைக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த நல்ல நாவல் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், வரவழைத்து வாசிக்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், திருவட்டாறு

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. கடைக்காரரின் தேர்வில் மூன்றை முழுமனதோடு வழிமொழிகிறேன். ‘குமரித்துறைவி’ பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. வாசிக்க இன்பமான நூல், ஐயமில்லை. ஆயினும் அதில் வரும் மனிதர்கள் எல்லோரும் ஒரே நன்மையை நோக்கி நடப்பதால், கூடிப் பேசும் குழுவுக்கு மாறுபட்டுப் பேச இடம் குறைவு. தனியாக, ஒரே மூச்சில் வாசிக்க ஏற்றது. குழுவுக்கு நான்காவதாக மலர்வதியின் ‘தூப்புக்காரி’யைச் சொல்வேன். 2012இல் யுவ புரஸ்கார் பெற்றது. உங்கள் பத்தாண்டு வரம்புக்குச் சற்று முந்தியதுதான். ஆனால் துப்புரவுப் பணி செய்யும் பெண்ணின் வாழ்க்கையை இம்மாவட்டத்துப் பேச்சிலேயே, கூசாமல் எழுதிய அந்த நாவல், இங்கே பலர் பெயரறிந்தும் வாசிக்காமல் விட்ட ஒன்று.

கடைக்காரர்கள் பரிந்துரைக்க வேண்டுமானால் முதலில் கடைகள் இருக்க வேண்டும். பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய நூலுக்கு எந்தக் கடையும் 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது. 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைவாக இணையத்தில் நூல் வாங்குவோரிடம் குறைந்தது 3 யூரோ அனுப்புக் கட்டணம் வாங்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். விலையில் போட்டி இல்லாததால் அங்கே சிறு கடைக்காரர் தம் வாசிப்பைக் கொண்டு போட்டியிட முடிகிறது. நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. கடையில் அரை மணி நேரம் நின்று நூல்களைப் பற்றிக் கேட்டறிந்துவிட்டு, வெளியே வந்து கைப்பேசியில் மலிவு விலை பார்த்து வாங்குகிறவர்கள் பலர். யார் சொல்லி ஒரு நூலை அறிந்தோமோ அவரிடமே வாங்குவதுதான் முறை என்று எண்ணுகிறேன்.

வாங்க இயலாதவர்கள் தம் ஊர்ப் பொது நூலகத்தில் நாவலின் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாசகர் கேட்ட நூல் என்பது நூலகருக்கு வலுவான காரணம். நான் பணியில் இருந்தபோது அத்தகைய கடிதங்களை எதிர்பார்த்தே இருந்தேன், வந்தவை சிலவே.

பதில்: நாகர்கோவில் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. குழுவில் கலந்து பேசினோம். முதலில் ‘செல்லாத பணம்’, பிறகு ‘நீர்வழிப் படூஉம்’, அதன்பின் ‘தூப்புக்காரி’, ‘சூல்’ என்ற வரிசையில் வாசிக்கிறோம். ‘குமரித்துறைவி’யை அவரவர் விருப்பப்படி தனியாக வாசித்துக்கொள்வோம். குளச்சல் தம்பிக்கு: ‘ஆழி சூழ் உலகு’ நாங்கள் முன்பே பேசிய நாவல், கூட்டத்துக்கு ஒருமுறை வந்து உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

நூல்களை மார்த்தாண்டம் கடையிலேயே வாங்குகிறோம். கடைக்கார அண்ணனிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு நாவலுக்கும் நான்கு வரிகள், யாருக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்து, உங்கள் பெயரும் கடையின் பெயரும் போட்டு ஒரு சீட்டில் எழுதித் தர முடியுமா? கூட்டத்தின் தொடக்கத்தில் அதை வாசித்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்க விரும்புகிறோம்.

பதில்: மார்த்தாண்டம் கடைக்காரர்

கட்டாயம் எழுதித் தருகிறேன், டீச்சர். ‘தூப்புக்காரி’யை மட்டும் மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுகிறேன், வாசித்து நாளாயிற்று, பழைய நினைவை வைத்துக்கொண்டு பெயர் போட விருப்பமில்லை. ‘செல்லாத பணம்’ கடையில் மூன்று படிகள் இருக்கின்றன, மீதியை இந்த வாரமே வரவழைத்துவிடுவேன். முன்பணம் வேண்டாம். ‘சூல்’ பெரிய நாவல் என்பதால் அதற்கு ஒரு மாதம் போதாது. இரண்டு மாதமாக ஒதுக்கி, இரண்டு கூட்டங்களில் பேசுங்கள்.